பெற்றோல் குழாயைக் கழற்றுமுன் அமுக்கத்தை இறக்குவது எப்படி?

கோண்டாவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2008 ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது. எஞ்சினுக்குப் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைத் தானே கழற்றிச் சுத்தம் செய்து, றப்பர் வளையங்களையும் மாற்ற விரும்புகிறார். பல காலம் மொறிஸ் மைனர் வைத்திருந்த அயலவர் ஒருவர், "குழாயில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கழற்று, ஒன்றும் நடக்காது" என்கிறார். காணொளி ஒன்றோ பியூஸைப் பிடுங்கச் சொல்கிறது. எது சரி, வீட்டு முற்றத்தில் வைத்து இதைச் செய்யலாமா என்பது அவருடைய கேள்வி.

செய்யலாம், தம்பி. விட்ஸ் போன்ற காரில் இது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஒன்றை முதலில் மனதில் இருத்துங்கள். குழாயில் அடைபட்டிருக்கும் அமுக்கத்தை நீங்கள் கையால் வெளியே திறந்துவிடக் கூடாது. பெற்றோலைத் தள்ளும் பம்பின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, குழாயில் மிஞ்சியிருக்கும் பெற்றோலை எஞ்சினையே எரித்து முடிக்க விட வேண்டும். பெற்றோல் எரிய வேண்டிய இடம் சிலிண்டருக்குள்ளேதான். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே நோக்கத்துக்காகத்தான்.

அயலவர் ஐயாவின் பேச்சை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. அவருடைய காருக்கு அது சரியான அறிவுரை. மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ40 இலும் பம்பின் வேலை, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் சிறு கிண்ணத்தை நிரப்புவது மட்டுமே. அந்தக் குழாயில் இருக்கும் அமுக்கம் பெரும்பாலும் ஒரு பாரின் (பார் என்பது அமுக்கத்தை அளக்கும் அலகு) மூன்றிலொன்றைத் தாண்டாது. கழற்றினால் பெற்றோல் சொட்டும், கை நனையும், அவ்வளவுதான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைப் பிடிக்கச் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் காரையும் மோட்டார் சைக்கிளையும் ஓட்டிய ஊர் இது. எரிபொருள் குழாயைத் தினமும் கழற்றிப் பூட்டிய கைகள் அவருடைய தலைமுறையினருடையவை. அந்தத் துணிச்சலும் கைப்பழக்கமும் மதிப்புக்குரியவை. உங்களுடையதைப் போல இன்ஜெக்டர் உள்ள இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு மட்டும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரக் கூடாது.

உங்கள் காரில் பம்ப் பெற்றோல் தாங்கிக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அது எஞ்சின் வரை 3 பாருக்கு மேற்பட்ட அமுக்கத்தில் பெற்றோலைத் தள்ளுகிறது; பொதுவாக இவ்வகைக் கார்களில் 3 முதல் 4 பார் வரை. உங்கள் ரயருக்கு அடிக்கும் காற்று ஏறத்தாழ 2 பார்தான். எஞ்சினை நிறுத்தினாலும் குழாயில் அமுக்கம் இறங்காது. பம்பில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கிறது; அது பெற்றோலைத் தாங்கிக்குத் திரும்ப விடாமல் பிடித்து வைக்கிறது. அப்படிப் பிடித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. அமுக்கம் இறங்கினால் சூடான எஞ்சினுக்கு மேலே இருக்கும் குழாயில் பெற்றோல் கொதித்து ஆவியாகிவிடும். கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து திறப்பைத் திருகினால் எஞ்சின் பிடிக்காது. ஆகவே நல்ல நிலையில் இருக்கும் கார் பல மணி நேரம் அமுக்கத்தைத் தாங்கி நிற்கும். இரவு முழுவதும் நின்ற கார்தானே என்று நம்பிக் குழாயைத் திறப்பது பிழை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஓடிவந்த காரை நிறுத்தியவுடன் பொனற்றுக்குள் வெப்பம் சிறிது நேரத்துக்கு ஏறிக்கொண்டுதான் போகும். நீரும் ஓடாது, காற்றும் ஓடாது. அந்த வெப்பத்தில் குழாயில் அடைபட்ட பெற்றோல் விரிகிறது. அமுக்கம் ஓடும்போது இருந்ததைவிடக் கூடலாம். சித்திரை வெயிலில் நல்லூர்ப் பக்கம் ஓடிவிட்டு வந்து, அப்படியே பொனற்றைத் திறந்து ஸ்பானரை வைப்பவர் மிக மோசமான நேரத்தைத் தெரிவு செய்திருக்கிறார்.

இந்த அமுக்கத்தில் குழாய் திறந்தால் பெற்றோல் ஒழுகாது, பீறிடும். நூல் போன்ற இடைவெளியால் வரும்போது நுண்ணிய தூவானமாக வரும். வெளியேறும் அளவு சிறிதுதான். சில தேக்கரண்டி இருக்கலாம். ஆபத்து அளவில் இல்லை, அது தூவானமாக வருவதில் இருக்கிறது. துளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு விரைவில் அது ஆவியாகிக் காற்றோடு கலக்கும். காற்றில் பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பற்றப் போதும். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியைப் பெற்றோல் விடுகிறது. நமது ஊர் வெப்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. எஞ்சினோடு சேர்ந்த புகைக்குழாய் சூடாக இருந்தால் தீப்பொறிகூடத் தேவையில்லை. கண்ணில் பட்டால் அது தனித் துன்பம்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு வார்த்தை. நடுக்கத்துக்கு இன்ஜெக்டர்தான் காரணம் என்பது உறுதியா? உங்களுடையது 1000 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் என்றால், அது இயல்பாகவே நான்கு சிலிண்டர் எஞ்சினைவிட அதிகம் அதிரும். எஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்ட் தேய்ந்திருந்தால் அந்த அதிர்வு நேரே இருக்கைக்கு வரும். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டிலில் படிந்த கரி, பழைய ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலில் பழுது ஆகியவையும் இதே நடுக்கத்தைத் தரும். இவை எல்லாவற்றையும் பெற்றோல் குழாயில் கை வைக்காமலே பார்த்துவிடலாம். முதலில் அவற்றைப் பாருங்கள். அதன் பிறகும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் இன்ஜெக்டருக்குப் போங்கள். தேவையில்லாமல் பெற்றோல் குழாயைத் திறக்காமல் இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

இடத்தையும் நேரத்தையும் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் கருவிகளைப் பற்றி நிறையக் கேட்பார்கள், இடத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலெழுந்து கலைந்துபோகாது. கொட்டிய தண்ணீரைப் போலத் தரையோடு ஊர்ந்து பள்ளமான இடத்தைத் தேடிப் போகும். மூன்று பக்கமும் சுவர் எழுப்பிய கார்க் கொட்டிலுக்குள் அது தேங்கி நிற்கும். ஆகவே காரைக் கொட்டிலிலிருந்து வெளியே, திறந்த முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். சோழகம் வீசும் மாதங்களில் காற்று வசதிதான், ஆனால் காற்று எந்தப் பக்கமாகப் போகிறது என்று பாருங்கள். குசினி காற்றின் வழியில் இருந்தால், அங்கே அடுப்பு எரியும் நேரத்தில் வேலை செய்யாதீர்கள்.

எங்கள் வீடுகளில் தீ எங்கெங்கே இருக்கும் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சாமியறை விளக்கு, ஊதுபத்தி, முற்றத்தில் புகையும் குப்பை, விறாந்தையில் மூலையில் வைத்த நுளம்புச் சுருள். கிணற்றடியில் தண்ணீர் மோட்டார் இருக்கிறது. அதன் சுவிச்சைப் போடும்போதும், தாங்கி நிரம்பித் தானாக நிற்கும்போதும் உள்ளே பொறி பறக்கும். வீட்டில் உள்ளவர்களிடம், நான் சொல்லும்வரை மோட்டாரைப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் சமையல் முடிந்த பிறகோ, அடுப்பு மூட்டுவதற்கு முன்போ, எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருக்கும் நேரம் நல்லது. மாலையில் தொடங்காதீர்கள். இருட்டும்போது வெளிச்சத்துக்காக வயரில் தொங்கும் பல்பைப் பொனற்றுக்குள் கொண்டுவர நேரும். அந்தப் பல்ப் விழுந்து உடைந்தால் அதுவே தீக்குச்சி. எல்ஈடி டோர்ச் மட்டும் பாவியுங்கள், அதையும் வேலையைத் தொடங்குமுன்பே எரியவிட்டு வையுங்கள்.

கைக்கெட்டும் தூரத்தில் உலர் தூள் அல்லது காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் இரண்டு வாளி காய்ந்த மணலாவது வேண்டும். தண்ணீர் வேண்டாம், பெற்றோல் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும். கண்ணாடி அணியுங்கள். பருத்திச் சட்டை, பருத்திக் காற்சட்டை, மூடிய சப்பாத்து. சாரத்தோடும் செருப்போடும் பொனற்றுக்குள் குனிவது நம்மில் பலருக்குப் பழக்கம்தான், ஆனால் பெற்றோல் வேலைக்கு அது வேண்டாம். நைலோன் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டும். கைபேசியைத் துணையாள் ஒருவரிடம் கொடுத்துச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தனியாகச் செய்யாதீர்கள்.

இனி வேலை. முதலில் பெற்றோல் தாங்கியின் மூடியை மெல்லத் திருகித் திறவுங்கள். வெயிலில் நின்ற காரில் "உஸ்" என்று ஒரு சத்தம் வரும். தாங்கிக்குள் சேர்ந்த ஆவியின் அமுக்கம் அது. அதை விடாமல் வைத்தால், பிறகு குழாயைத் திறக்கும்போது தாங்கியிலிருந்து பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சத்தம் அடங்கியதும் மூடியைத் திரும்ப இலேசாகப் போட்டுவிடுங்கள்.

அடுத்து, பம்புக்கு மின்சாரம் போகாமல் செய்ய வேண்டும். காணொளியில் சொன்ன "பியூஸைப் பிடுங்கு" என்பது இங்கேதான் ஆளை ஏமாற்றும். பல டொயோட்டாக்களில் பியூஸ் பெட்டியில் இஎஃப்ஐ (EFI) என்று எழுதிய பியூஸ் இருக்கும். பார்ப்பவர், இதுதான் பெற்றோல் பியூஸ் என்று நினைத்துப் பிடுங்குவார். எஞ்சின் உடனே நின்றுவிடும். அமுக்கம் இறங்கிவிட்டது என்று மகிழ்ந்து குழாயில் கை வைப்பார். ஆனால் அந்தப் பியூஸ் பம்புக்கு மட்டும் உரியதல்ல. எஞ்சினை இயக்கும் கணினிக்கும் அதன் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. கணினி நின்றால் இன்ஜெக்டர்கள் அந்தக் கணமே மூடிக்கொள்ளும். எஞ்சின் நின்றது மின்சாரம் இல்லாமல். குழாயில் 3 பார் அமுக்கமும் அப்படியே இருக்கிறது. பம்ப் மட்டும் நிற்க வேண்டும், கணினியும் இன்ஜெக்டர்களும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் எஞ்சின் மிஞ்சிய பெற்றோலைக் குடித்து முடிக்கும்.

வேறுபாட்டை எப்படி அறிவது? காதால்தான். பம்ப் மட்டும் துண்டிக்கப்பட்ட எஞ்சின் உடனே நிற்காது. சில வினாடிகள் வழமைபோல ஓடும், பிறகு மூச்சுத் திணறும், தடுமாறும், கடைசியில் நிற்கும். திறப்பை அடைத்ததுபோல் வெடுக்கென்று நின்றால், நீங்கள் துண்டித்தது தவறான இடம் என்று எடுத்துக்கொண்டு திரும்பத் தொடங்குங்கள்.

உங்கள் விட்ஸுக்கு நான் பரிந்துரைப்பது பியூஸ் பெட்டி அல்ல, பம்பின் தலையில் இருக்கும் மின் இணைப்பையே கழற்றுவதுதான். டொயோட்டாவின் திருத்த ஏடுகள் (மெக்கானிக்குகளுக்கான கையேடுகள்) பல மாடல்களுக்குச் சொல்லும் முறையும் அதுதான். பின் இருக்கையின் மெத்தையைத் தூக்கினால், தகட்டில் ஒரு மூடி இருக்கும். அதை அகற்றினால் பம்பின் மேற்பகுதியும் அதற்குப் போகும் வயர் இணைப்பும் தெரியும். திறப்பு அணைந்த நிலையில் அந்த இணைப்பின் பூட்டை அமுக்கி, வயரை இழுக்காமல், இணைப்பின் உடலைப் பிடித்துக் கழற்றுங்கள். மூடியைச் சுற்றி மண்ணும் தூசும் இருந்தால் முன்னதாகத் துடைத்துவிடுங்கள். அருகே இருக்கும் பெற்றோல் குழாயைத் தொட வேண்டாம்.

சுசுகி அல்டோ, வாகன்ஆர் வைத்திருப்பவர்களுக்கும் இதே நியாயம்தான். அவற்றில் பம்பின் ரிலேயை, அதாவது பம்புக்கு மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிச்சை, கழற்றுவது வழக்கம். ஹொண்டாக்கள் பலவற்றிலும் பம்புக்குத் தனி ரிலே உண்டு. எது எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே அந்தந்தக் காரின் திருத்த ஏட்டைப் பார்க்காமல் ஊகத்தில் பிடுங்காதீர்கள். அமெரிக்கக் கார்களின் காணொளிகளில் ரயர் வால்வைப் போன்ற ஒரு வால்வை அமுக்கி அமுக்கத்தை இறக்குவதைக் காட்டுவார்கள். நம்மிடம் ஓடும் சிறிய யப்பானியக் கார்களில் அந்த வால்வு பொதுவாக இருப்பதில்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இணைப்பைக் கழற்றியதும் கியரை பார்க்கில் வைத்து, கைத்தடுப்பைப் போட்டு, எஞ்சினை இயக்குங்கள். திணறி நிற்கும்வரை விடுங்கள். நின்றதும் திறப்பை அடைத்து, மறுபடி 2 அல்லது 3 வினாடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். எஞ்சின் பிடிக்கவே கூடாது. இன்னொருமுறையும் அப்படிச் செய்து உறுதிப்படுத்துங்கள். இதற்குமேல் தொடர்ந்து சுழற்றினால் ஸ்டார்ட்டர்தான் சூடாகும்.

இப்போது திறப்பை அடைத்து, கையிலே எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இது சிறு காரியம் போலத் தெரியும். பம்பின் ரிலேயையோ இணைப்பையோ யாராவது திரும்பப் பூட்டியிருக்கும் நேரத்தில், பாட்டுக் கேட்கவோ கண்ணாடியை இறக்கவோ ஒருவர் திறப்பை ஓன் (ON) நிலைவரை திருகினால், பல கார்களில் பம்ப் சில வினாடி ஓடிக் குழாயை மறுபடி முழு அமுக்கத்துக்குக் கொண்டுவந்துவிடும். எஞ்சின் ஓட வேண்டியதே இல்லை. அதுவே குழாய் திறந்திருக்கும்போது நடந்தால், நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல் தள்ளக்கூடிய பம்ப் அது. பொனற்றுக்குள் என்ன கொட்டும் என்று கணக்குப் பாருங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் திறப்பை வாகனத்திலேயே விட்டுவைக்கும் பழக்கத்தை இன்றைக்காவது நிறுத்துங்கள்.

பிறகு பற்றரியின் மறை (−) முனையைக் கழற்றுங்கள். இதைச் செய்யும்போது சிறு பொறி வரலாம். அதனால்தான் பெற்றோல் குழாயைத் திறப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். வயர் துள்ளி மறுபடி முனையில் படாதபடி துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

இப்போதும் குழாயில் பெற்றோல் இருக்கிறது. அமுக்கம்தான் போயிருக்கிறது. பொனற்றுக்குள் பெற்றோல் குழாய் எஞ்சினோடு சேரும் இணைப்பின் கீழே வாயகன்ற உலோகப் பாத்திரம் ஒன்றை வையுங்கள். ஐயா சொன்ன துணிக்கு உரிய இடம் இதுதான்: மடித்த தடித்த பருத்தித் துணியை இணைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒருபுறம் விலக்கி வைத்து மெல்லத் திறவுங்கள். விட்ஸில் அது பிளாஸ்டிக் பொறியிணைப்பாக, அதாவது "கிளிக்" என்று பூட்டிக்கொள்ளும் இணைப்பாக, இருக்கும். மேலே ஒரு பாதுகாப்பு மூடி இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். இரு புறமும் விரலால் அமுக்கி நேராக இழுத்தால் வந்துவிடும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் அந்தப் பூட்டு உடையும்; உடைந்த பூட்டை கம் போட்டு ஒட்டவோ கம்பியால் கட்டவோ கூடாது, குழாயையே மாற்ற வேண்டும். வராவிட்டால், இடையில் சிக்கிய மண்ணைத் துடைத்து, குழாயை இலேசாகத் தள்ளித் திருப்பிப் பார்த்து, பிறகு இழுங்கள். உலோக நட்டு உள்ள கார் என்றால் ஒரு ஸ்பானரால் நட்டைப் பிடித்து இன்னொன்றால் திருப்புங்கள், இல்லையேல் குழாய் முறுகும்.

துணி நனைந்தால் உடனே மாற்றுங்கள். நனைந்த துணி சூடான எந்தப் பாகத்தின்மீதும் கிடக்கக் கூடாது. திறந்த முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டிவிடுங்கள். அது ஆவியையும் அடக்கும், மணல் உள்ளே போகாமலும் காக்கும். ஒரு மணல் துகள் இன்ஜெக்டருக்குள் போனால், சுத்தம் செய்யத் தொடங்கிய வேலை பழுதாக்கிய வேலையாகிவிடும்.

எஞ்சினே ஓடாத காரில் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஸ்டார்ட்டர் சுழலுமானால், பம்பைத் துண்டித்துவிட்டுச் சில வினாடிகளாக இடைவிட்டு இரண்டு மூன்று முறை சுழற்றினால், இன்ஜெக்டர்கள் திறக்கும் நிலையில் இருந்தால் அமுக்கத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். ஸ்டார்ட்டரும் சுழலாவிட்டால், ஆறிய எஞ்சின், கழற்றிய பற்றரி, தடித்த துணி, பாத்திரம், கண்ணாடி என்று எல்லாம் சரியாக இருக்கும்போது, முழு அமுக்கம் இருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு மயிரிழை அளவாகத் திறக்க வேண்டியிருக்கும். முதன்முறையாக இந்த வேலை செய்பவருக்கு இந்த நிலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது விட்ஸ் போல, எஞ்சின் காற்றை உள்ளெடுக்கும் குழாயில் பெற்றோலைத் தெளிக்கும் சாதாரண இன்ஜெக்ஷன் கார்களுக்கு. வேறு வாகனங்களுக்கு இதை அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் இப்போது நிறையக் காணும் ஹொண்டா வெசல் போன்ற கார்களில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. எஞ்சினில் பூட்டிய இரண்டாவது பம்ப் ஒன்று அமுக்கத்தை 50 முதல் 200 பார் வரை ஏற்றும். பம்பைத் துண்டித்து ஓடவிடும் முறை அங்கே பின்பற்றப்பட்டாலும், உயரமுக்கப் பக்கம் உண்மையில் இறங்கிவிட்டதா என்பதைக் காரின் கணினியை வாசிக்கும் கருவியில் பார்த்து உறுதி செய்யாமல் எந்த நட்டிலும் கை வைக்கக் கூடாது. ஹைபிரிட் கார்களில், அக்வாவோ பிரியஸோ எதுவானாலும், எஞ்சின் எப்போது ஓட வேண்டும் என்பதைக் கார்தான் தீர்மானிக்கும். அமைதியாக நிற்கும் கார் எந்த நேரமும் தானாக இயங்கத் தொடங்கலாம். ஆரஞ்சு நிற வயர்களில் நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்சாரமும் இருக்கிறது. அவற்றை அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

டீசலைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. லான்ட் மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்), பழைய லொறி, பழைய பஸ் எஞ்சின்களில் டீசல் குழாயில் காற்றுப் பிடித்தால், இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, எஞ்சினைச் சுழற்றி, காற்றை வெளியேற்றுவதை நம் ஊரில் பதின்ம வயதுப் பையன்களும் அறிவார்கள். புதிய ஹையேஸ் வான்களில் இருக்கும், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரமுக்கக் குழாயிலிருந்து டீசல் போகும் கொமன் ரெயில் எஞ்சினில் அதே கையை வைத்தால் அந்தக் கை போய்விடும். அந்தக் குழாயில் எஞ்சின் ஓடும்போது 1,000 பாருக்கு மேல் ஏறும் அமுக்கம் இருக்கிறது. ஊசி முனையளவு கசிவே தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்தும். காயம் ஒரு சிறு புள்ளியாகத்தான் தெரியும், முதலில் வலியும் குறைவாக இருக்கலாம்; அதை நம்பி மருந்து தடவிக்கொண்டு வீட்டில் இருந்தால் உள்ளே தசை அழுகத் தொடங்கும். உடனே யாழ் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். உயர் அமுக்க டீசல் தோலுக்குள் பாய்ந்தது என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட எஞ்சினில் கசிவை விரலால் தடவித் தேடவே கூடாது.

பழைய பழக்கங்களில் இன்னொன்று, பெற்றோலை வாயால் உறிஞ்சிக் குழாய் வழியாக எடுப்பது. தடைக்காலத்திலும், 2022 எரிபொருள் நெருக்கடியிலும் அதைச் செய்யாதவர் குறைவு. ஒரு மிடறு தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் கெட்டுவிடும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வாந்தியோடு அது மறுபடி நுரையீரலுக்குள் போகும். அதற்கென்று கையால் அமுக்கும் பம்ப் கடைகளில் கிடைக்கிறது.

விட்ஸுக்குத் திரும்புவோம். இன்ஜெக்டர்களை வெளியே எடுத்ததும் பழைய றப்பர் வளையங்களைத் திரும்பப் போடாதீர்கள், அவை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும். புதிய வளையத்தில் சிறிது சுத்தமான எஞ்சின் எண்ணெய் தடவி, திருகாமல், நேராக அமுக்குங்கள். வளையம் மடிந்து பூட்டப்பட்டால் அங்கேதான் நாளை பெற்றோல் கசியும். நட்டுப் பூட்டும் கார்களில் வாசரையும் புதிதாகப் போட வேண்டும். றப்பர்க் குழாய் ஒன்றை மாற்ற நேர்ந்தால், கடையில் சும்மா பெற்றோல் குழாய் என்று கேட்காதீர்கள். காபரேற்றர் காருக்குரிய குழாயும் இன்ஜெக்ஷன் காருக்குரிய குழாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குழாயின் உடலில் எஸ்ஏஇ 30ஆர்9 (SAE 30R9) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 30ஆர்7 (30R7) என்று இருப்பது குறைந்த அமுக்கத்துக்கானது. இன்று பிடிக்கும், சில மாதங்களில் வெடிக்கும்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் உடனே எஞ்சினை இயக்காதீர்கள். பொறியிணைப்பு "கிளிக்" என்று உட்கார்ந்ததா என்று இழுத்துப் பாருங்கள். சிந்திய பெற்றோல் முழுவதும் காய்ந்து, மணம் போகும்வரை காத்திருங்கள். பின் இருக்கையின் கீழ் பம்ப் இணைப்பைப் பூட்டி, கடைசியாகப் பற்றரியின் மறை முனையைப் போடுங்கள். பிறகு திறப்பை ஸ்டார்ட்டர் சுழலாத ஓன் (ON) நிலைவரை மட்டும் திருகி, 3 வினாடி வைத்து, அடையுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யும்போது பல கார்களில் குழாய் மறுபடி நிரம்பி அமுக்கம் ஏறும். துணையாள் திறப்பைத் திருகட்டும். நீங்கள் டோர்ச்சோடு ஒவ்வோர் இணைப்பையும் பாருங்கள். ஈரம் ஒரு துளி தெரிந்தாலும் எஞ்சினை இயக்காமல், இதே ஒழுங்கில் அமுக்கத்தை மறுபடி இறக்கிவிட்டுத் திரும்பக் கழற்றுங்கள். நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும் என்று அமுக்கம் இருக்கும் நிலையில் ஸ்பானரை வைக்க வேண்டாம்.

கசிவு இல்லையென்றால் இயக்குங்கள். பற்றரி கழற்றப்பட்டதால் கணினி தான் கற்று வைத்திருந்ததை மறந்திருக்கும்; சிறிது நேரம் எஞ்சின் ஏறி இறங்கி ஓடலாம், முன்னைவிட அதிகமாக நடுங்கவும் செய்யலாம். அதைப் பார்த்து வேலை பிழைத்துவிட்டது என்று மறுபடி கழற்றத் தொடங்காதீர்கள். நன்றாகச் சூடாகட்டும், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் விளக்கு எரிந்தால், பெற்றோல் இல்லாமல் ஓடவிட்டதன் பதிவாக அது இருக்கலாம். கருவி வைத்து அழித்த பிறகும் திரும்பி வந்தால்தான் கவலை. மறுநாள் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பொனற்றைத் திறந்து ஒருமுறை மணந்து பாருங்கள். சூடான நிலையில் அடைந்திருந்த கசிவு, றப்பர் சுருங்கும் குளிர்ந்த நிலையில் வெளிப்படும். காருக்குள் பெற்றோல் மணத்தால், பின் இருக்கையின் கீழிருக்கும் மூடியையும் பாருங்கள்.

பாத்திரத்தில் சேர்ந்த பெற்றோலை எங்கே ஊற்றுவது என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வளவு மூலையிலோ வாழையடியிலோ ஊற்றாதீர்கள். குடாநாட்டின் அடியில் இருப்பது துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வடிந்து கிணற்றுக்கே போகும், அது உங்கள் கிணறாகவும் இருக்கலாம், அயலவருடையதாகவும் இருக்கலாம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய் 2019 இல் தீர்ப்பு வந்ததை நாம் எல்லோரும் அறிவோம். பெற்றோல் சுத்தமாக இருந்தால், மெல்லிய துணியில் வடித்துத் தாங்கியிலேயே ஊற்றிவிடலாம். கழிவு கலந்திருந்தால் மூடியுள்ள உலோகக் கலனில் அடைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் கராஜ் ஒன்றில் கொடுங்கள். தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். நனைந்த துணிகளைக் குவிக்காமல், வெளியே நிழலில், ஒவ்வொன்றாக விரித்துக் காயவிட்ட பிறகே குப்பைக்குப் போடுங்கள்.